பொடக்காலிச் சாரை

திருச்செங்கோட்டு மலையில் படிவழியாக ஏறுகிறவர்கள் நாகர் பள்ளத்தில் நிற்காமல் போவதில்லை. பாறையில் ஏறத்தாழ 60 அடி நீளத்துக்கு, ஐந்து தலையும் படம் விரித்து, ஆதிசேஷன் அங்கே செதுக்கப்பட்டிருக்கிறார். வருகிறவர்கள் தூவிய மஞ்சளும் குங்குமமும் ஏறி ஏறி அந்தக் கல்லே சிவந்து கிடக்கும். மலைக்கு நாககிரி, நாகாசலம் என்ற பெயர்கள் உண்டு. ஆதிசேஷனும் வாயுவும் பலம் பார்த்தபோது மேருமலையின் ஒரு துண்டு இங்கே வந்து விழுந்தது, சேஷனின் ரத்தம் பட்டுச் சிவந்ததால் செங்கோடு ஆனது என்பது தலபுராணம். இந்த மலையடிவாரத்தில் வளர்ந்தவர்களின் நினைவில் பாம்பு இரண்டு இடங்களில் இருக்கிறது. மலைமேல் இருப்பது கும்பிடப்பட்ட பாம்பு. வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில், விறகு அடுக்குக்கும் துணி துவைக்கும் கல்லுக்கும் நடுவில் இருந்தது அடிக்கப்பட்ட பாம்பு. 60 அடிக் கல்பாம்பின் முன் கூப்பிய கைதான் ஆறடிச் சாரையைக் கண்டதும் தடியைத் தேடியது. இதைப் போலிப் பக்தி என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டுக்கும் வேர் ஒரே அச்சம். அந்த அச்சம் ஓரிடத்தில் கும்பிடச் சொன்னது, இன்னோரிடத்தில் அடிக்கச் சொன்னது. எங்கேயும் நின்று பார்க்கச் சொல்லவில்லை. நான் இங்கே வாதாட விரும்புவது அந்தப் பார்வைக்காகத்தான். தோட்டத்துக்கு வரும் விஷமில்லாத பாம்பைப் பொறுத்துக்கொள்ளக் கற்பதும், விஷப்பாம்பிடமிருந்து குடும்பத்தைக் காத்துக்கொள்ளக் கற்பதும் ஒரே பாடம். ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கற்க முடியாது.

அச்சம் நம் பேச்சிலேயே தங்கியிருக்கிறது. பொழுது விழுந்த பிறகு எங்கள் பக்கத்தில் பாம்பைப் பாம்பென்று சொல்ல மாட்டார்கள். 'பூச்சி பொட்டு கெடக்கும் கண்ணு, பாத்துப் போ' என்பார்கள். பெயர் சொன்னால் வந்துவிடும் என்பது நம்பிக்கை. அந்த வாக்கில் அன்பு இருக்கிறது. வெளிச்சம் எடுத்துக்கொள், காலடி பார்த்து வை என்ற நல்ல எச்சரிக்கையும் இருக்கிறது. ஆனால் பூச்சி என்ற ஒரே சொல்லுக்குள் நல்ல பாம்பும் சாரையும் ஒன்றாகிவிட்டன. பகலில் பார்த்தால் அதே பெரியவர்கள் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை, சாரை, தண்ணீர்ப் பாம்பு, பச்சைப் பாம்பு, கொம்பேறி மூக்கன், மண்ணுளி என்று வேறு வேறாகப் பெயர் சொல்லத் தெரிந்தவர்கள். கடலைக்காட்டில் களை எடுத்தவர்களுக்கும் சோளத்தட்டுப் போரைப் பிரித்தவர்களுக்கும் அந்தப் பெயர்கள் கண்ணோடு வந்தவை. காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி இருந்த காலம் அது. அந்த வேலி ஓணானுக்கும் கௌதாரிக்கும் கீரிக்கும் பாம்புக்கும் வீடாக இருந்தது. இன்று கிளுவை போய்க் கம்பிவேலி வந்துவிட்டது. காடு போய் மனையிடம் வந்துவிட்டது. பெயர் தெரிந்தவர்கள் குறைந்துபோனார்கள், பூச்சி என்ற சொல்லும் அச்சமும் மட்டும் குறையவில்லை.

அந்தப் பழைய அறிவு முழுக்கச் சரியாக இருந்தது என்றும் நான் சொல்லவில்லை. பெயர்களோடு கதைகளும் சேர்ந்தே வந்தன. கதைகள் பெரும்பாலும் விஷமில்லாத பாம்புகள் மீதே பழி போட்டன. கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு மரமேறி, கடிபட்டவனின் சிதைப்புகை எழுகிறதா என்று பார்க்கும் என்பார்கள். உண்மையில் அது முதுகில் வெண்கல நிறக் கோடு ஓடும் மெலிந்த மரப்பாம்பு. ஓணானையும் தவளையையும் தின்னும், மனிதனைக் கொல்லும் விஷம் அதனிடம் இல்லை. பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்தும் என்று கண்கொத்திப் பாம்பு என்றே பெயர் வைத்தோம். அதன் விஷம் பல்லியையும் ஓணானையும் மயக்கப் போதுமானது, நமக்கு உயிர்ச்சேதம் செய்யாது. மண்ணுளி நக்கினால் குஷ்டம் வரும் என்ற பேச்சுக்கு எந்த ஆதாரமும் இல்லை. சாரையின் வாலில் விஷமுள் இருக்கிறது, வாலால் அடித்தால் அடிபட்ட இடம் அழுகும் என்றார்கள். அப்படி ஒரு முள்ளே கிடையாது. சாரையும் நாகமும் பிணைந்து ஆடும் என்று ஊரே கூடிப் பார்க்கும் காட்சியில் நாகம் இருப்பதில்லை. அது இரண்டு ஆண் சாரைகள் பலம் பார்க்கும் போட்டி. அடித்த பாம்பின் ஜோடி பழிவாங்கத் தேடிவரும் என்பதும் கதைதான். ஆளை நினைவில் வைத்துப் பழிதீர்க்கும் அறிவோ இணையைத் துணையாகக் கொண்டு வாழும் வழக்கமோ பாம்புக்கு இல்லை. இந்தக் கதைகளால் நேர்ந்த நட்டம் பாம்புக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். பயப்படத் தேவையில்லாததைக் கண்டு பயந்து பழகிய கண்ணுக்கு, பயப்பட வேண்டியது எது என்று தெரியாமல் போய்விட்டது.

பயப்பட வேண்டியது எது என்பதற்குத் தெளிவான பதில் இருக்கிறது. இந்தியாவில் 300 வகைக்கு மேல் பாம்புகள் உண்டு. மனித உயிரைப் பறிப்பவற்றில் ஆகப் பெரும்பங்கு நான்கு வகைகளுடையது: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்த நான்கும் எங்கள் சமவெளியில் இருக்கின்றன. 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் நாட்டில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பதாகக் கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். இறந்தவர்களில் கால்பங்குக்கு மேல் பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் முன்வரிசையில் சேர்த்தது. ஆகவே பாம்பைப் பற்றிப் பரிவோடு பேசுகிற எவரும் இந்த எண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும். பாம்பு பாவம், அது ஒன்றும் செய்யாது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது இறந்தவர்களின் குடும்பத்துக்குச் செய்யும் அவமரியாதை. திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டியில் ஆழ்குழாய்க் கிணறு தோண்ட வெளிமாநிலங்களுக்குப் போகும் இளைஞர்கள், வேலை நடக்கும் இடத்திலேயே தரையில் படுத்துத் தூங்குகிறார்கள். மத்தியப் பிரதேசமும் ராஜஸ்தானும் ஆந்திரமும் அந்த ஆய்வு சுட்டிய இறப்பு மிகுந்த மாநிலங்களில் அடங்குபவை. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி இரவு ஷிப்டு முடிந்து இருட்டில் வீடு திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கெல்லாம் பாம்பு மெய்யான ஆபத்து.

இங்கேதான் முதல் மறுப்பு எழும். ஆபத்து இவ்வளவு பெரிது என்றால் எதற்கு வம்பு, கண்ணில் பட்ட எல்லாவற்றையும் அடித்துவிடுவதுதானே பாதுகாப்பு? பாம்பென்றால் படையும் நடுங்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? இந்த யோசனையை நாம் புதிதாகச் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு பேரரசே சோதித்துப் பார்த்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் இந்திய அரசு, கொன்று கொண்டுவரும் பாம்புக்குப் பரிசுப் பணம் கொடுத்தது. 1880-களில் ஆண்டுதோறும் லட்சக்கணக்கான பாம்புகள் கொல்லப்பட்டதாகக் கணக்கு எழுதினார்கள். அதே ஆண்டுகளில் பதிவான பாம்புக்கடி இறப்பு ஆண்டுக்கு 20,000-ஐ ஒட்டியே நின்றது. காரணம் புரிந்துகொள்ளக் கடினமில்லை. ஆளைக் கொல்லும் கட்டுவிரியன் இரவில் நடமாடும், பகலில் பொந்தில் கிடக்கும். கண்ணாடி விரியன் சருகோடு சருகாக அசையாமல் சுருண்டிருக்கும். பகலில் வெளிப்படையாக வாசலைக் கடந்து ஓடுவது சாரை. ஆகவே 'கண்டதை அடி' என்பது நடைமுறையில் 'சாரையை அடி' என்றே முடிகிறது. அடிக்கப்பட்டது விஷப்பாம்பாகவே இருந்தாலும் அந்த அடி பாதுகாப்பைக் கூட்டுவதில்லை. பாம்பு தன் உடல் நீளத்தில் பாதியளவுக்கு மேல் எட்டிக் கொத்துவது அரிது. ஏழெட்டு அடி தள்ளி நிற்பவருக்கு அதனால் ஆபத்தில்லை. தடியோடு அருகே போகிறவர்தான் அதன் எல்லைக்குள் நுழைகிறார். நடக்காமல் போயிருக்கக்கூடிய ஒரு கடியை அவரே தேடிப் போகிறார்.

பிரித்தறியும் பார்வையால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் ஒரு காலத்தில் தோல் வணிகத்துக்காகப் பாம்பு பிடித்தவர்கள். சாரையின் தோலும் நாகத்தின் தோலும் கைப்பையாகவும் காலணியாகவும் கடல் தாண்டிப் போயின. 1972-இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, தொடர்ந்து ஏற்றுமதியும் தடுக்கப்பட்டது, இருளர்களின் பிழைப்பு நின்றது. அதே ஆண்டுவாக்கில் சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கர், அவர்களுடைய அறிவு வீணாகக் கூடாது என்று எண்ணினார். 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. வடநெம்மேலியில் அவர்கள் அந்த நான்கு விஷப்பாம்புகளைப் பிடித்து வைத்து, விஷத்தை எடுத்துக்கொண்டு, மறுபடி காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, குதிரையின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளிலிருந்துதான் விஷமுறிவு மருந்து தயாராகிறது. எங்கள் நாமக்கல் மாவட்டத்து அரசு மருத்துவமனையில் ஒருவருக்கு ஏற்றப்படும் மருந்தின் தொடக்கம் ஓர் இருளரின் கையில் இருந்திருக்கலாம். இச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017-இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் புதருக்குள் தேடிப் பிடித்துக் காட்டினார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. மண்ணில் பதிந்த தடம், உரிந்த சட்டை, எச்சம் ஆகியவற்றைப் பார்த்தே எந்தப் பாம்பு, எப்போது போனது என்று அவர்கள் சொல்லிவிடுகிறார்கள். விஷப்பாம்போடு வாழ்நாளெல்லாம் புழங்கும் அவர்களைக் காப்பது இந்த அறிவுதான். அந்த அளவுக்கு நம்மால் ஆக முடியாது, ஆகவும் வேண்டியதில்லை. நம் பொடக்காலியில் வந்துபோகும் ஐந்தாறு வகையைத் தெரிந்துகொள்வது அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

அந்த ஐந்தாறில் முதலாவது சாரை. ஆறடி, ஏழடி வளரும். மஞ்சள் கலந்த பழுப்பிலிருந்து கறுப்பு வரை நிறம் மாறும். கண் பெரிதாக, வட்டமாக இருக்கும். உதட்டோரம் கறுப்புக் கீறல்கள் தெரியும். படம் எடுக்காது. அதன் முக்கிய உணவு எலி. இதன் அருமை எங்கள் பக்கத்து விவசாயிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடலைக்காயைப் பறித்துப் பொந்தில் சேர்ப்பது எலி. குச்சிக்கிழங்கை மண்ணுக்குள்ளேயே குடைவது பெருச்சாளி. கோழிப்பண்ணைகளின் மக்காச்சோளத் தீவனமும் நூல் மூட்டை அடுக்கிய தறிக்கூடமும் எலிக்குக் குறைவில்லாத விருந்து. எலி மூன்று வாரத்தில் ஈனும், ஓர் ஈற்றில் ஆறேழு குட்டி போடும், அந்தக் குட்டிகள் மூன்றே மாதத்தில் தாயாகும். எலி மருந்து வைத்தால், செத்த எலியைத் தின்னும் ஆந்தையும் பூனையும் நாயும் சாகலாம். வீட்டில் வாங்கி வைத்த எலி பேஸ்ட் எத்தனையோ மனித உயிர்களையும் பறித்திருக்கிறது. பூனை பொந்துக்குள் போகாது, சாரை போகும். குட்டி இருக்கும் கூட்டுக்கே போய் அடியோடு ஒழிப்பது அதன் வேலை. எலியின் மூத்திரத்தால் பரவும் எலிக்காய்ச்சலையும் சேர்த்துப் பார்த்தால், பொடக்காலிச் சாரை நமக்கு இலவசமாகச் செய்யும் வேலையின் அளவு புரியும். சின்னப் பாம்புகளும் சும்மா இருப்பதில்லை. பூந்தொட்டியைக் கவிழ்த்தால் மண்புழுவைப்போல நெளியும் புழுப்பாம்பு, எறும்பின் முட்டையையும் கரையான் குஞ்சையும் தின்று வாழ்கிறது. அதில் ஆணே இல்லை, பெண் மட்டுமே தனித்து இனம் பெருக்குகிறது. பூந்தொட்டி மண்ணோடு அது உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. அதைக் கட்டுவிரியன் குட்டி என்று எண்ணி நசுக்காத வீடுகள் நம் ஊரில் குறைவு.

சாரைக்காகப் பேசுகிறவர்கள் ஒன்றை மிகைப்படுத்துவதுண்டு. சாரை இருக்கும் இடத்துக்கு நல்ல பாம்பு வராது என்பார்கள். இதை நம்பி யாரும் கதவைத் திறந்துபோட்டுத் தூங்கக் கூடாது. ஒரே எலியைத் தேடி இரண்டும் ஒரே தோட்டத்துக்கு வரலாம். நல்ல பாம்பு சாரையையே விழுங்குவதும் உண்டு. கட்டுவிரியனுக்கு மற்றப் பாம்புகளே விருப்பமான இரை. அப்படியானால் விஷமில்லாத பாம்பை விட்டுவைப்பது விஷப்பாம்புக்கு இரை வைப்பதாகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் விஷப்பாம்பைத் தோட்டத்துக்கு இழுப்பது முதன்மையாக எலியும் தவளையும் பதுங்க இடமும்தான். சாரையை அடித்துவிட்டால் எலி பெருகுமே தவிரக் குறையாது. பெருகிய எலியைத் தேடி வருவது நாகமாகவும் இருக்கலாம், கண்ணாடி விரியனாகவும் இருக்கலாம். சாரை அடிக்கடி கண்ணில் படுகிறது என்றால் உங்கள் பொடக்காலியில் எலி மிகுந்துவிட்டது என்று பொருள். அதை ஒரு செய்தியாக எடுத்துக்கொண்டு குப்பையையும் சிந்திய தானியத்தையும் உடைந்த ஓட்டுக் குவியலையும் அகற்றினால், சாரையின் வருகையும் குறையும், நாகத்தின் வருகையும் குறையும். பொறுத்துக்கொள்வது என்றால் விருந்து வைத்து அழைப்பது என்று அர்த்தமில்லை. வந்ததைக் கொல்லாமல், வரும் காரணத்தைச் சரிசெய்வதுதான் பொறுத்துக்கொள்வது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. ஆபத்தான நேரத்தில் எந்தப் பாம்பு என்று பார்த்துக்கொண்டா நிற்க முடியும்? தவறாகக் கணித்தால் உயிர் போகுமே? சுவர் இடுக்கில் பல்லி பிடிக்க வரும் வெள்ளிக்கோல் வரையன் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அது பார்வைக்குக் கட்டுவிரியன் போலவே இருக்கும். இரண்டுக்கும் உடலில் வெள்ளை வளையங்கள் உண்டு. கட்டுவிரியனின் வளையங்கள் மெல்லியவை, பெரும்பாலும் இரட்டை இரட்டையாக வரும், கழுத்துப் பக்கம் மங்கி வால் பக்கம் தெளிவாகும். வெள்ளிக்கோல் வரையனுக்குக் கழுத்துப் பக்கம் தெளிவு, வால் நோக்கிப் போகப் போக மங்கல். படித்துத் தெரிந்துகொள்ளலாம், ஆனால் இரவு பதினொரு மணிக்குக் கைவிளக்கு வெளிச்சத்தில் இந்த வித்தியாசத்தை நம்பி யாரும் கை நீட்டக் கூடாது. ஆகவே என் விதி இதுதான்: சந்தேகம் இருந்தால் விஷப்பாம்பு என்றே கொள். அப்படிக் கொண்டாலும் செய்ய வேண்டியது அடிப்பது அல்ல, விலகுவதுதான். பிள்ளைகளையும் நாயையும் உள்ளே அழைத்துக்கொண்டு, தூரத்தில் இருந்து கண்ணை எடுக்காமல் பார்த்து, தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்வது. சாரை என்று உறுதியாகத் தெரிந்தால் யாரையும் அழைக்கவும் தேவையில்லை, அது தானே போய்விடும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விஷமில்லாத பாம்புக்குச் சொல்லும் முதல் விதியும் விஷப்பாம்புக்குச் சொல்லும் முதல் விதியும் ஒன்றே: நில், தள்ளி நில், பார். பிரித்தறியத் தவறினாலும் இந்த விதி தவறாது. அடிக்கப் போகிறவருக்குத்தான் தவறான கணிப்பு உயிருக்கு உலை வைக்கும்.

கோழி வளர்க்கிறவர்கள் சொல்லும் குறையை நான் தள்ளிவிட மாட்டேன். சாரை முட்டையை விழுங்கும், குஞ்சையும் பிடிக்கும். எலியும் முட்டையை இழுத்துப் போகும், குஞ்சைக் கடித்துக் கொல்லும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான், விரல் நுழையாத நெருக்கமான கம்பிவலை போட்டு, பொழுது சாயும் முன் கூண்டை அடைப்பது. தளர்வான நைலான் வலை வேண்டாம். அதில் பாம்பு சிக்கிக்கொண்டு சாகும், எடுக்கப் போகிறவருக்கும் ஆபத்து. அச்சத்தையே காரணமாகச் சொல்கிறவர்களும் உண்டு. 'விஷம் இல்லைன்னு தெரியுது, ஆனாலும் ஒடம்பு நடுங்குதே' என்பவர்களைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது. ஆண்டுக்கு 58,000 பேர் சாகும் நாட்டில் அந்த நடுக்கம் இயல்பு. அச்சத்தை விட்டொழிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அச்சத்துக்கு ஒரு முகம் கொடுக்கச் சொல்கிறேன். கட்டுவிரியனுக்கு அஞ்சுங்கள், அஞ்சத்தான் வேண்டும். சாரைக்கு அஞ்சும்போது அந்த அச்சம் விரயமாகிறது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட வயதிலேயே படங்களை வைத்து, பகலில், அமைதியான நேரத்தில் சொல்லிக்கொடுத்தால் இந்தப் பழக்கம் எளிதில் படியும். பாம்பின் கால் பாம்பறியும் என்பது பழமொழி. பாம்பின் முகத்தை மனிதனும் அறியலாம்.

உண்மையான பாதுகாப்பு தடியில் இல்லை, அன்றாடப் பழக்கத்தில் இருக்கிறது. கட்டுவிரியன் கடி பெரும்பாலும் தரையில் தூங்குகிறவர்களுக்கு நேர்கிறது. கடித்த இடம் அவ்வளவாக வலிக்காது, வீங்காது. எறும்போ பூரானோ என்று புரண்டு படுத்தவர் விடிவதற்குள் வயிற்றுவலியும் இமை சரிவதும் மூச்சுத்திணறலுமாக ஆகிவிடலாம். கட்டில் போட்டுப் படுத்தால் இந்த ஆபத்தில் பெரும்பகுதி போய்விடும். கொசுவலையை மெத்தைக்கடியில் செருகிப் படுத்தால் இன்னும் நல்லது. நேபாளத்தின் தராய்ச் சமவெளியில் செய்த ஆய்வு, கொசுவலைக்குள் தூங்கியவர்களுக்குப் பாம்புக்கடி குறைவு என்று காட்டியிருக்கிறது. விறகையும் தேங்காய் மட்டையையும் சுவரோடு அடுக்காமல், வீட்டைவிட்டுத் தள்ளித் தரைக்குமேல் தூக்கி அடுக்க வேண்டும். சாக்கடை வாய்க்கும் கதவடி இடுக்குக்கும் அடைப்பு வேண்டும். இருட்டில் செருப்பும் டார்ச்சும் இல்லாமல் இறங்கக் கூடாது. 'பூச்சி பொட்டு கெடக்கும், பாத்துப் போ' என்ற பழைய வாக்கின் முதல்பாதியை மாற்றிக்கொண்டாலும், பின்பாதியை விடக் கூடாது. இவ்வளவுக்குப் பிறகும் கடிபட்டால் கயிறு கட்டாமல், கத்தியால் கீறாமல், வாயால் உறிஞ்சாமல், வேர் அரைத்துக் கொடுக்காமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாம்பைத் தேடி அடித்து எடுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. நம் நாட்டு விஷமுறிவு மருந்து நான்கு பாம்புகளின் விஷத்துக்கும் சேர்த்தே தயாரிக்கப்படுகிறது. அடிக்கச் செலவாகும் அரைமணி நேரம்தான் உயிர்.

அரசும் இந்த வழியில்தான் போகத் தொடங்கியிருக்கிறது. 2024 மார்ச்சில் ஒன்றிய அரசு, பாம்புக்கடி இறப்பை 2030-க்குள் பாதியாகக் குறைக்கும் தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு, பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ்ப் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. மருத்துவமனைக்கு வரும் ஒவ்வொரு கடியும் இனி கணக்கில் ஏறும். எங்கே, எந்தப் பருவத்தில், எப்படிப்பட்டவர்களுக்குக் கடி நேர்கிறது என்று தெரிந்தால் மருந்தை அங்கே கொண்டுபோய் வைக்கலாம். நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் அரசு செத்த பாம்பை எண்ணியது. இன்றைய அரசு கடிபட்ட மனிதரை எண்ணத் தொடங்கியிருக்கிறது. சரியானதை எண்ணுவதற்கு நாம் எடுத்துக்கொண்ட காலம் அவ்வளவு.

திருச்செங்கோடு இன்னும் வளரும். மலையைச் சுற்றி இன்னும் மனைகள் பிரியும், மிச்சமிருக்கும் கிளுவை வேலிகளும் போகும். காடாக இருந்த இடத்தில் நாம் வீடு கட்டிக் குடியேறியிருக்கிறோம். சாரை நம் வீட்டுக்கு வந்ததாகச் சொல்வதைவிட, நாம் அதன் வழியில் வந்து நின்றோம் என்பதே சரி. அதைக் கொல்வதைச் சட்டம் தடுக்கிறது என்பது ஒரு காரணம்தான். எலியைத் தின்று நமக்கு உதவுகிறது என்பது இன்னொரு காரணம். இவை இரண்டும் இல்லாவிட்டாலும், எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டாம் என்று பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வீட்டுத் தோட்டத்தைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. நாகர் பள்ளத்தில் குங்குமம் தூவுகிறவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்று. தூவுங்கள், கும்பிடுங்கள். மலையிறங்கி வீட்டுக்கு வந்து, பொடக்காலியில் ஒரு சாரை குறுக்கே போவதைக் கண்டால் தடியைத் தேடாதீர்கள். பத்தடி தள்ளி நில்லுங்கள். பிள்ளையையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அதன் கண்ணையும் உதட்டுக் கீறலையும் காட்டி, பொழுது சாய்ந்திருந்தாலும் பெயரைச் சொல்லிக் கொடுங்கள். பூச்சி என்று சொல்லாதீர்கள். சாரை என்று சொல்லுங்கள்.